வார்டன் மீது ஒரு புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமா இல்லையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அத்தானின் முட்டிவலி தேவலையா?

"வாயில்லாப் பூச்சிடா என் பிள்ளை, நாலு பேர் முன்னாடி பேரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கும், ராகிங்னு ஒருத்தனும் கிட்ட வராம நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி அவனை என் கல்லூரி விடுதிக்கு அனுப்பினாய். நானும் தலையை ஆட்டினேன். பதினெட்டு வருஷம் தாவரவியல் நடத்தியவனை இந்த வருஷம்தான் விடுதி வார்டனாகவும் ராகிங் தடுப்புக் குழுச் செயலாளராகவும் போட்டிருக்கிறார்கள் என்பதை நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன்.

முதல் வேலையாக, சீனியர் யாரும் ஜூனியரிடம் பேசக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினேன். மறுநாளே ஜூனியர்கள் குளியலறை எங்கே என்று கேட்க ஆளில்லாமல் துண்டும் சோப்புமாக மூன்று மாடியும் ஏறி இறங்கினார்கள். சரி, அது போகட்டும், உறுதிமொழி மனசில் பதிந்தால் போதும் என்று, தினமும் காலை ஆறு மணிக்கு முதலாண்டுப் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து, கையை நீட்டி, பேரும் பிரிவும் சொல்லி, ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி இருபத்திரண்டு வரியையும் சத்தமாகச் சொல்ல வைத்தேன். தப்பு விட்டவன் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக. உன் பிள்ளைக்கு மூன்றாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா மகனுக்குச் சலுகை என்று பேச்சு வரக் கூடாதே என்று அவனை மட்டும் ஐந்து தடவை சொல்ல வைத்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா.

நேற்று புகார்ப் பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு தாள். வரிசையில் நிறுத்துகிறார், கையை நீட்டச் சொல்கிறார், கத்தச் சொல்கிறார், இதற்குப் பெயர் ராகிங் இல்லையா என்று கேட்டு நாற்பத்தொரு பேர் கையெழுத்து. விதிப்படி செயலாளர்தான் விளக்கம் கேட்க வேண்டுமாம். ஆகவே எனக்கு நானே கடிதம் எழுதி, நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டேன். வாட்ச்மேனிடம், "நான் பண்ணது ராகிங்காய்யா, ராகிங் தடுப்பாய்யா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருந்துச்சு. ஆனா சீனியர் பசங்க ஆறு மணிக்கு எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆகவே, உன் பிள்ளையை உடனே வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. அவனை யாரிடமிருந்து காப்பாற்றுவது என்றே எனக்குத் தெரியவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பேனோ. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி. மிச்சம் ஏதாவது இருந்தால் அந்த ஆசியை எனக்கு அனுப்பி வை.

இப்படிக்கு,
விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதல்வர் விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார். புகாரை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார். எழுந்தது உன் பிள்ளை. எழுதியதும் அவன்தானாம். நூறு பேர் முன்னால் நாக்கு ஓரிடத்திலும் ஒட்டவில்லை. "மாமா கெட்டவர் இல்ல சார். ஆனா தினமும் காலையில பயமா இருந்துச்சு" என்று தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று முதல் அவன் தடுப்புக் குழுவில் மாணவர் உறுப்பினர். அவனைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம். என்னை வேண்டுமானால் வந்து கூட்டிக்கொண்டு போ.