தோல் பேக்கிங்கில் விடுபட்ட ஓட்டை

சத்துவாச்சாரியில் இருக்கும் நண்பன் ஆபேலுக்கு, ஆம்பூர் கன்னியப்பன் சொல்லி எழுதுவது. இங்கே என் இரண்டு முட்டிகளைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் தங்கச்சி இன்பமும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கைநாட்டுதான் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஜெனிஃபா எழுதுகிறாள். இந்த வயதில் நான் படித்துவிட்டேனோ என்று பயந்துவிடாதே.

தோல் கம்பெனிகளின் கழிவுத் தண்ணீர் வழக்கில் டெல்லிக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன வருஷம் அது. நம் கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியதும், என் மகள் எழிலரசி பிறந்ததும் அந்த வருஷம்தான். நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய புல்லட், பள்ளிகொண்டா தாண்டி நடுரோட்டில் இன்ஜின் இறுகி நின்றதும் அதே வருஷம். ஆம்பூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, வேலை போய் கேட்டு வாசலில் நின்ற நூறு ஆள் காதுபட நான் கத்தியது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "எண்ணெய் ஊத்தத் துப்பு இல்லாதவன்லாம் ஃபிட்டரா?" நீ ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு கம்பெனியும் உன்னை ஃபிட்டராகக் கூப்பிடவில்லை என்றும், சத்துவாச்சாரியில் பள்ளிக்கூட வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டாய் என்றும் ஹமீத் சொல்லித்தான் தெரியும்.

நம் இருவருக்கும் தோஸ்தான ஹமீத், வருஷா வருஷம் ரம்ஜானுக்குப் பிரியாணியோடு இதையும் கொண்டுவருவான். "வண்டியைத் தொறந்து பாருடா கன்னியப்பா, அப்புறமா அவனைத் திட்டு." பிரியாணியை மட்டும் வாங்கிக்கொள்வேன். இந்த ரம்ஜானுக்கு அவன் இல்லை. அவன் மையத்து அடக்கத்துக்கு நீயும் வந்திருந்தாய். கபரஸ்தான் சுவரோரம் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வீட்டுக்கு வந்ததும் வண்டி மேலிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன்.

திறந்து பார்த்தால், வால்வைத் தூக்கி இறக்குகிற கேம் ஷாஃப்ட்டின் மூக்கு, எலி கடித்த கொட்டாங்கச்சி மாதிரி இருந்தது. போடுவதுதான் போடுகிறோம், ஏலகிரி ஏறுகிற மாதிரி நல்ல கேமாகப் போடுவோம் என்று சாமான் தேடப் புறப்பட்டேன். நம்பர் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? பழைய கேம், ஸ்பிரிங்கு, சீலு, எண்ணெய் கசியாமல் இரும்புக்கு நடுவே வைத்த பேக்கிங்கு எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் பட்டுவேட்டியோடு பெண் பார்க்கப் போனவர் என்னைச் சபித்தபடியே இறங்கினார். அந்தச் சம்பந்தம் முடிந்ததா என்று தெரியவில்லை. முதல் கடையில் புது மாடலின் கேமைக் கட்டிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவது, காஷிஃப் என்கிற பையனுடைய கடை.

"மாடல் நம்பர் சொல்லுங்க பெரியவரே."

"நம்பர் இன்னாத்துக்குப்பா? சாமானே வந்துக்குது பாரு."

"அதான் பாக்குறேன். வண்டிக்கு வடைமாலை சாத்தப் போறீங்களா?"

ஒவ்வொன்றாகக் கழற்றி ஜோடி எடுத்துக் கொடுத்தான். கடைசியில் பேக்கிங்கைத் தூக்கிப் பிடித்தான்.

"இது இன்னா, செருப்பு அட்டையா?"

"பேக்கிங்குப்பா. கையால வெட்டுனது. அசல் க்ரோம் தோலு. முப்பது வருஷமா ஒரு சொட்டு கசியல."

நம் ஊரில் குழாய் வாசர் முதல் கட்டில் கால் வரை எல்லாவற்றுக்கும் தோல்தானே? தோலில் பிறந்து வளர்ந்தவன் கடையில் போய்க் காகித பேக்கிங் கேட்பதா என்று வண்டி நிற்பதற்கு முன்னால் இன்ஜினைப் பிரித்து மாட்டிய அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெட்டியது அது. காஷிஃப் புது பேக்கிங்கை அதன் மேல் வைத்தான்.

"இங்க பாருங்க, இந்த ஓட்டை வழியாத்தான் எண்ணெய் உள்ள போவணும். உங்களுதுல ஓட்டை எங்க? ட்ரம்மு ட்ரம்மா ஊத்தியிருந்தாலும் உள்ள போயிருக்காது. எந்த மேஸ்திரி வெட்டுனான்?"

"அவன் செத்துட்டான்பா" என்றேன்.

ஆபேலு, நீ எண்ணெய் ஊற்றியிருக்கிறாய். நான்தான் வழியை அடைத்திருக்கிறேன். உன் தொழிலையும் சேர்த்து. வாங்கிய சாமானை எல்லாம் தாம்பாளத்தில் துணி போட்டு வைத்திருக்கிறேன். நான் தொடப்போவதில்லை. நீ வந்து உன் கையால் பூட்ட வேண்டும். கேட்டு வாசலில் சொன்னதை அதே வாசலில் நின்று வாபஸ் வாங்குகிறேன். இப்போது அங்கே கேட்டு இல்லை, கல்யாண மண்டபம் இருக்கிறது. பரவாயில்லை, முகூர்த்த நாளாகப் பார்த்து வா. கூட்டமாவது இருக்கும்.

உன் கண்ணும் கையும் நடுங்காமல் இருக்க உன் கர்த்தரும், நீ வரும்வரை என் மூச்சு நிற்காமல் இருக்க எங்கள் ரங்கநாதரும் துணை. பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கன்னியப்பன் (கைநாட்டு)

பி.கு.: ஜெனிஃபா திரும்பப் படித்துக் காட்டும்போது ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பேக்கிங்கை வெட்டியது நான். அதை வைத்து போல்ட்டு முறுக்கியது நீ. ஃபிட்டர் கண்ணுக்கு அது தெரிய வேண்டாமா? ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையைக்கூட நீ கழற்றவில்லை. டீ கொண்டுவந்தவள் குனிந்து பார்த்து, "இரும்புல ஓட்டை கீது, தோலுல காணமே" என்றாள். "உனக்கு இன்னா தெரியும், போம்மா" என்று நாம் இருவரும் ஒரே வாயாகத் துரத்தினோம். நான் சொல்வது பொய் என்றால் சாட்சியைக் கேள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த நவநீதன் போய்ட்டான், ஹமீதும் போய்ட்டான். நம் இருவரை விட்டால், அன்று அங்கே இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, டீ கொண்டுவந்த உன் பெண்சாதி இன்பம் ஒருத்திதான்.