முக்கால் சென்ட்டில் ஒரு ஒத்திகைக் குடித்தனம்

கோயம்புத்தூரில் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு எருமை படுக்க இடமிருந்தால் போதும், எருமையை எழுப்பி ஓட்டிவிட்டு அங்கே ஒரு வீட்டைக் கட்டிவிடுவார் சந்து மேஸ்திரி. அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "பேர வெச்சு செவுரா கட்டப் போறீங்க?" என்றார். விட்டுவிட்டேன்.

பீளமேட்டில், மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால் எங்கள் சந்து. மில் போனதும் ஆட்கள் போனார்கள். ஆட்கள் போனதும் வீடுகள் விழுந்தன. விழுந்த இடத்திலெல்லாம் பார்த்தீனியம் முளைத்தது, பாட்டில் உடைந்து கிடந்தது. பால்காரர்கூட உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். அடுக்குமாடி கட்டுகிற பெரிய ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முக்கால் சென்ட், ஒரு சென்ட் என்று கிடந்த துண்டுகளில் அவர்களுக்கு லிஃப்ட் வைக்கவே இடம் பத்தாது.

அதில் ஒரு முக்கால் சென்ட் என்னுடையது. அப்பா விட்டுப்போன விறகுக் கொட்டகை. நான் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், அதே சந்தில் வாடகைக்கு இருந்தேன். தை மாதம் வீட்டுக்காரர் வந்து, மகனுக்குக் கல்யாணம், வைகாசிக்குள் காலி செய் என்றார். என் சம்பளத்துக்கு வேறு வீடு அன்னூருக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். அங்கே போனால் என் மனைவி சாந்தாமணியின் ஹாஸ்டல் சமையல் வேலை போகும், மகளின் பள்ளிக்கூடம் போகும்.

ஆகவே வைகாசிக்குள் வீடு எழும்பியாக வேண்டும். அதைத் தாண்டினால் ஆனி, ஆடி. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதற்கு மாசி வாஸ்து நாளிலேயே பூஜை போட்டுக் கடைக்கால் தோண்ட வேண்டும். அதை விட்டால் அடுத்த வாஸ்து நாள் சித்திரையில். நாட்களை எண்ணி எண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேஸ்திரி வந்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. பார்த்தீனியத்துக்கு நடுவில் நின்று கேட்டார்:

"ஏனுங்க, உங்களுக்குக் கோவம் வந்தா எந்தப் பக்கமாப் போவீங்க?"

"ரோட்டுக்குப் போயிருவேனுங்க."

"அப்பக் கதவு கெழக்கால."

பிறகு சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு முழு வீட்டை வரைந்தார். சமையலறை, படுக்கிற இடம், மாடிப்படி, கக்கூஸ் எல்லாம் கோடு. அவருடைய சட்டம் ஒன்றுதான். கோட்டுக்குள் ஒரு பகல் முழுக்கக் குடியிருந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் கடப்பாரையைத் தொடுவார்.

வாஸ்து நாள் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெட்டவெளியில், ஊர் பார்க்கக் குடித்தனம் நடத்தினோம். என் மகள் கோட்டைத் தாண்டி ஓடினாள். "கண்ணு, செவுத்துல முட்டிக்கிட்டே! திரும்பிப் போயி கதவு வழியா வா" என்று கத்தினார் மேஸ்திரி. எதிர்வீட்டுக்காரர் என்ன நடக்கிறதென்று கேட்க உள்ளே வந்தார். "கதவத் தட்டோணுமுங்க" என்றார் மேஸ்திரி. அந்த மனிதர் வெளியே போய் வெறும் காற்றைத் தட்டிவிட்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. "இப்பச் சண்டை போடுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"சண்டை போட எடம் பத்தலீன்னா குடியிருக்க எடம் பத்தாதுங்க."

சாந்தாமணிக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீடியோவில் நான் முறைத்துக்கொண்டு நின்றதிலிருந்து ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. சந்தே நின்று கேட்டது. மேஸ்திரி மட்டும் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கையைத் தூக்கினார்.

"அம்மணி, காத்தால இருந்து பாக்கறேன். அந்த மூலைல மட்டும் கால் வெக்க மாட்டீங்கறீங்க. கோவத்துலகூடச் சுத்திக்கிட்டுத்தான் போறீங்க. அங்க யாரு இருக்கறாங்க?"

சாந்தாமணி தரையைப் பார்த்தாள். "எங்கப்பனுக்குக் கட்டலு போடற எடமுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மாமனார் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் தேங்காய் காயப்போடும் களத்துக்குக் காவல். சாக்குக் கொட்டகையில்தான் படுக்கை. ஒரு விருந்தில், "மாப்ளைக்கு வாய் மட்டும் நீளம்" என்று பத்துப் பேர் எதிரில் சொன்னார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஐந்து வருஷம்.

"மூணு பேருன்னீங்க?" என்றார் மேஸ்திரி.

"மூணு பேருதானுங்க!"

"உங்க வாய் மூணுங்குது. அம்மணி காலு நாலுங்குது." செருப்புக் காலால் வீட்டை அழித்துவிட்டார். "நாலாவது ஆளு வந்து படுத்துக் காட்டோணும். அப்பறம்தான் கடப்பாரை."

"புதன்கெழமை வாஸ்துங்க மேஸ்திரி! வெளையாடறீங்களா?"

"அப்பச் சித்தரைல பாத்துக்கலாமுங்க."

திங்கட்கிழமை வேறு இரண்டு மேஸ்திரிகளிடம் ஓடினேன். ஒருவர், "கோழிக்கூண்டா கட்டோணும்?" என்று கேட்டார். இன்னொருவர் கேட்கவே இல்லை, சிரித்தார். சாயங்காலம், வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன்.

"மாமா, நாந்தானுங்க."

"யாரு போய்ச் சேந்தாங்க?" என்றார்.

"யாரும் சாகலீங்க. நாளைக்கு வந்து எங்க எடத்துல கொஞ்ச நேரம் படுக்கோணும்."

"மாப்ள, குடிச்சிருக்கறீங்களா?"

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மேஸ்திரி மறுபடி போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் சலவை வேட்டியோடு விறைப்பாகப் படுத்தார். ஒரு சாண் கால் வெளியே நீண்டது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் பீரோவுக்கென்று விட்டிருந்த இடத்தை அழித்தார்.

"ஏனுங்க, பீரோ?"

"பீரோ மாடிப்படிக்கு அடீல நின்னுக்குமுங்க. மனுசன் மடங்கியே கெடக்க முடியுமுங்களா?"

மாமனார் படுத்தபடியே வானத்தைப் பார்த்து, "காத்து நல்லா வருதுங்க மேஸ்திரி" என்றார்.

"செவுரே இல்ல மாமா, வராம என்ன பண்ணும்!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை, சிரித்துத் தொலைத்தேன்.

புதன்கிழமை நல்ல நேரத்தில் கடப்பாரை இறங்கியது. அதற்குப் பிறகும் நிம்மதியில்லை. லாரி சந்துக்குள் நுழையாமல் மணலைத் தலையில் சுமந்தோம். காங்கிரீட் போட்ட அன்று மேகம் கட்டியது. வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் கதவு வந்து சேரவில்லை, வாசலில் போர்வையைக் கட்டிப் பால் காய்ச்சினோம். பொங்கிற்று. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டைப் பார்த்து இன்னும் மூன்று பேர் மேஸ்திரியைப் பிடித்தார்கள். மூன்று காலி இடங்களில் விளக்கு எரிகிறது. பால்காரர் மணியடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்.

மேஸ்திரிக்கு இப்போது அவிநாசிப் பக்கம் வேலை. இந்த வழியாக வந்தால் வீட்டுக்குள் வரமாட்டார். சந்தில் நின்று, வெளிச்சுவரை விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளேயிருந்து, தன் மூலைக் கட்டிலில் படுத்தபடி, மாமனார் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவார். மாமனார் ஊரில் இல்லாத நாளில் நான் தட்டுகிறேன்.