டெய்லர் இளைத்த கதை

காய்ச்சல் விட்டுவிட்டது என்ற செய்தியை யாரிடமும் சொல்வதில்லை என்று டெய்லர் முடிவு செய்தார்.

வைரஸ் காய்ச்சல்தான். தெருவெல்லாம் சுற்றிவிட்டு அவர் வீட்டுக்கும் வந்தது. முதலில் அவரைப் பிடித்தது. "ஐயோ அம்மா" என்று கட்டிலில் விழுந்தார். அடுத்து அவர் மனைவியைப் பிடித்தது. அவள் விழவில்லை. விழ இடமில்லை, கட்டிலில் அவர் இருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கஞ்சி காய்ச்சினாள், இருமிக்கொண்டே மெஷினை மிதித்தாள். அவளுக்கு வந்த காய்ச்சல் எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை.

டெய்லருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் கொஞ்சம் இருமல், கொஞ்சம் அசதி மிச்சம் இருந்தது. அது நிஜம். அந்தக் கொஞ்சத்தை வைத்து இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடலாம் என்று அவர் நினைத்தாரே, அதுதான் அநியாயம். ஆனால் முன்னறையைப் பார்த்தால் யாருக்குமே அசதி வரும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. வெட்டிப்போட்ட சீருடைத் துணி கூரையைத் தொடப் பார்த்தது. நினைத்தாலே அவருக்கு இருமல் வந்தது. நினைக்காவிட்டால் வரமாட்டேன் என்றது.

"ஏங்க, இன்னிக்குக் காலராவது தைக்கிறீங்களா?"

"எழுந்திரிச்சா கண்ணு இருட்டுது."

"கண்ண மூடிக்கிட்டுப் பேசினா இருட்டாத்தான் இருக்கும். தொறங்க."

"உனக்கென்ன தெரியும்? உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கேன்."

"கரையிற ஆளு ரெண்டாந்தடவை கஞ்சி கேப்பாரா?"

"கரையிறத ஈடுகட்ட வேண்டாமா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சரி. சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட போவோம். அவங்க படுன்னா படுங்க, தைன்னா தைங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. சத்தியமா?"

"சத்தியமா!" என்றார் டெய்லர், நோயாளிக்கு ஆகாத வேகத்தில்.

அவள் கடைக்குக் கிளம்பியதும் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார். டாக்டரம்மாவை இருமலால் மட்டும் ஏமாற்ற முடியாது. இளைத்துப்போனால்தான் நம்புவார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இளைக்க உலகத்தில் யாராலும் முடியாது, ஒரு டெய்லரைத் தவிர. தன் நல்ல சட்டையை எடுத்தார். தனக்குத் தைக்கும்போது மட்டும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பது அவர் வழக்கம். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, ஓரத்தில் புதுத் தையல் ஓட்டினார். போட்டுப் பார்த்தார். கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. ஆஹா!

ஜன்னலில் பக்கத்து வீட்டம்மா தலை தெரிந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். டெய்லர் மனைவிக்கு உயிர்த்தோழி. துணி எடுத்தால்கூட இருவரும் ஒரே துணிச் சுருளில்தான் கிழித்து வாங்குவார்கள், இருவருக்கும் தைப்பதும் டெய்லர்தான்.

"ஐயையோ! என்ன அண்ணே, இப்படிப் பாதியாப் போயிட்டீங்க?"

"என்னம்மா செய்யறது? வந்தது அப்படிப்பட்ட வியாதி."

"காலையில பாத்தப்ப நல்லாத்தானே இருந்தீங்க?"

"அதுக்கப்புறந்தான் வேகமெடுத்துடுச்சு" என்று முனகினார். அவள் உச்சுக் கொட்டிக்கொண்டே போனாள். டெய்லருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மனைவி திரும்பி வந்தாள். சட்டையைப் பார்த்தாள். கட்டில்மேல் கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட போறோம்னு அடுத்த வீட்டுல சொல்லிட்டு, கிளம்பி வந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எடை மெஷினில் நிற்க வைத்தார். முன்பு வந்தபோது எழுதியதைப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. எடை ரெண்டு கிலோ கூடியிருக்கு."

"கூடியிருக்காதுங்களே! சட்டையப் பாருங்க டாக்டர்."

"நான் சட்டைய எடை போடலையே."

"அப்ப வீக்கமா இருக்கும்."

காலை அமுக்கிப் பார்த்தார் டாக்டரம்மா. "வீக்கமில்ல. சாப்பாடு."

அந்த நேரம் பார்த்து மனைவி லேசாக இருமினாள். டாக்டரம்மா திரும்பினார். "உங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. அது பாட்டுக்கு வந்துச்சு, போச்சு."

"உங்க எடை என்ன இருந்துச்சு?"

"எனக்கு யாருங்க பாத்தா? நான் அவரைக் கூட்டிட்டு வர்ற ஆளு."

சொல்லிக்கொண்டே தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். நீல ரவிக்கையின் கை தோள்வரை சரிந்து விழுந்தது. உள்ளே இன்னொருத்தி குடியிருக்க இடம் இருந்தது.

டாக்டரம்மா பதறிவிட்டார். "இது எப்ப தைச்சது?"

"போன மாசந்தாங்க. இவரே அளவெடுத்துத் தைச்சது. அளவுல இவர் ஒரு நூல்கூடத் தப்ப மாட்டார்."

"அப்படியா?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

டெய்லருக்கு வியர்த்தது. அடிப்பாவி, தையலைப் பிரித்துவிட்டிருக்கிறாள்! சொன்னால் தன் சட்டையும் சேர்ந்து மாட்டும். அளவு தப்பு என்றால் தொழில் போச்சு.

"ஆமாங்க. அளவு கச்சிதம்" என்றார், ஈனக்குரலில்.

"அப்ப இவங்களுக்குத்தான் முழு ஓய்வு வேணும். படுக்கணும், நல்லாச் சாப்பிடணும். நீங்க மெதுவா வேலைய ஆரம்பிங்க. அசந்தா கொஞ்சம் உக்காருங்க, அப்புறம் மறுபடி செய்யுங்க. சமையலும் செய்யலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவை மாற்றிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். டெய்லர் அந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு விளக்கடிக்கு ஓடினார். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்! உள்பக்கம் திருப்பினார்.

தையல் பிரித்த தடமே இல்லை. எல்லாம் அவரே போட்ட தையல், போட்டது போட்டபடி.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொய்யில்லை. நிஜமாகவே இளைத்துவிட்டாள். கண்ணெதிரே ஒருத்தி உருகிக்கொண்டிருக்க, அவளிடமே இரண்டாம் முறை கஞ்சி கேட்டிருக்கிறோமே! நெஞ்சை அடைத்தது. இந்த முறை இருமல் இல்லை.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். கஞ்சியை ஆற்றிக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்தடுத்த நாட்களில் பாத்திரம் தேய்த்தார், வீடு பெருக்கினார், அந்த ரவிக்கையைத் தன் கையாலேயே துவைத்துக் காயப்போட்டார். மற்ற நேரமெல்லாம் மெஷினில் உட்கார்ந்து காலர் காலராகத் தைத்தார். சீருடை மலை கரைந்தது. அசதியும் எப்படியோ கரைந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கியது.

கடைசிக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் பக்கத்து வீட்டம்மா தலை தெரிந்தது.

"அண்ணே, டாக்டர்கிட்ட போட்டுட்டுப் போறேன்னு அண்ணி என் நீல ரவிக்கைய வாங்கிட்டு வந்தாங்களே, அது காஞ்சுதா?"

மெஷின் நின்றது. டெய்லர் வாயைத் திறந்தார். செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. மூடினார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இஸ்திரி போட்டே குடுத்துடுங்க. கையோட உங்க சட்டையில பிரிச்ச பழைய தையலையும் போட்டுடுங்க, பாக்க அசிங்கமாத் தொங்குது."