நடந்து பார்த்தவர்

நிலம் வாங்குகிறவர்கள் என்றொரு இனம் உண்டு, விற்கிறவர்கள் என்றொரு இனம் உண்டு. இவர்கள் இருவரையும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது இனத்தை இன்று அறிமுகம் செய்து வைக்கிறேன்: நிலத்தை நடந்து பார்த்தவர்கள். இவர்கள் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். ஆனால் இவர்களுடைய வாயில் விழுந்து எழாமல் எங்கள் கவுண்டியில் ஒரு புதர்கூடக் கைமாறியதில்லை.

அமெரிக்காவில், மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், தன் கையில் இருக்கும் காட்டு நிலங்களை ஏலம் போடும். சில துண்டுகளில் நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு, நிற்கிற மரங்களை மட்டும் வெட்டிக்கொள்ளச் சொல்லி விற்கும். இங்கே பூமியையே நாற்பது ஏக்கர் சதுரங்களாக வெட்டி வைத்திருப்பதால் "ஒரு நாற்பது" என்றால் போதும், பச்சைக் குழந்தைக்கும் புரியும். நான் நில அலுவலகத்தில் வரைபடம் போடுகிற ஆசாமி. ஏலத்தன்று சந்தைத் திடல் கூடத்தின் வாசலில் மேஜை போட்டு, ஏலம் கேட்க வருகிறவர்களுக்கு எண் அட்டை கொடுப்பதும் நான்தான். எந்த நிலத்தைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு உத்தரவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் வெண்டல் ராஸ்க்கைப் படைத்தார்.

வெண்டல் ஏலம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். டிரக்கை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார், ஏதோ பெரிய நிலமாக வாங்கிக்கொண்டு அவசரமாகப் புறப்படப் போகிறவர் மாதிரி. வெளுத்த தொப்பி, அகலமான கால்சட்டைப் பட்டி, மடித்து மடித்து மடிப்புகளில் ஓட்டை விழுந்த ஒரு பழைய வரைபடம், இலவச டோனட் மூன்று. மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலி அவருடையது. தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்று இருமுவார். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு எண் அட்டை கொடுத்து வருகிறேன். அந்த அட்டையால் முதுகு சொறிந்திருக்கிறார், டோனட் துகளைத் தட்டியிருக்கிறார். அது ஏலத்துக்காக உயர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எதற்கு வருகிறார்? தீர்ப்புச் சொல்ல.

"மூணாம் நம்பரா? நடந்து பாத்திருக்கேன். பாறை. மண்வெட்டி போட்டா பொறி பறக்கும்." "ஏழா? நடந்து பாத்திருக்கேன். உள்ள போக வழி கிடையாது, பாராசூட்லதான் குதிக்கணும்." "பதினொண்ணுல மரமா? பீவர் மரத்தக் கடிச்சுப் போட்டு அணை கட்டி எல்லாத்தையும் தண்ணியில நிறுத்தியாச்சு. மீன் வேணும்னா வாங்கு." காபி அண்டாவுக்கு முன்னால் நிற்கிற வரிசையில் அவர் ஒவ்வொரு நாற்பதையும் இப்படி ஒவ்வொன்றாகக் கொன்று போட்டுக்கொண்டே முன்னேறுவார். காபி அவர் கோப்பைக்கு வருவதற்குள் கவுண்டியில் நிற்க ஓர் அடி நல்ல மண் மிச்சம் இருக்காது.

ஒரே ஒரு நிலத்தைப் பற்றி மட்டும் அவர் நல்ல வார்த்தை சொல்வார். அது நாற்பது வருஷத்துக்கு முன் விற்றுப் போன ஏரிக்கரை நிலம். "விக்கிறவன் ஒரு பழைய டிரக் விலைதான் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்." இந்த இனத்தைச் சேர்ந்த எல்லோருக்கும் இப்படி ஒரு கைநழுவிய ஏரிக்கரை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் சங்கத்தில் சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இனி போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

ஐலா என்று ஒருத்தி. எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள், ஐம்பது தாண்டியவள், பேச்சு குறைவு. அவள் வீட்டுக்குப் பின்புறம் தொடங்குகிறது பதினான்காம் எண் நாற்பது. கவுண்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கிருக்கும் மேப்பிள் மரங்களில் ஒவ்வொரு மார்ச்சிலும் துளை போட்டு, வாளி மாட்டி, வடிகிற நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பாள். பதினேழு வருஷமாக அந்த மரங்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்வாள். அந்த நாற்பது ஏலப் பட்டியலில் வந்ததும் அலுவலகத்துக்கு வந்தாள்.

"வேற யாராச்சும் வாங்கினா?" என்றாள்.

"வாங்கினவங்க இஷ்டம், ஐலா."

"வெட்டிருவாங்கல்ல?"

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன். எனக்குத்தான் உத்தரவு இருக்கிறதே.

எங்கள் பக்கத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. வீட்டை ஒட்டிய நாற்பதுக்கு அந்த வீட்டுக்காரர் அட்டையை உயர்த்தினால் ஊரில் வேறு யாரும் உயர்த்த மாட்டார்கள். எல்லோருக்கும் திடீரென்று கூரையில் ஏதோ சுவாரசியமாகத் தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஊர்க்காரர்களைப் பற்றி ஐலாவுக்குப் பயமில்லை. பயமெல்லாம் மினியாபொலிஸிலிருந்து வந்திருந்த ப்ராடி என்கிற மரவியாபாரியைப் பற்றித்தான். புது பூட்ஸ், அதில் இன்னும் மண்ணே படவில்லை. கையில் நான் போட்ட வரைபடம். அதில் பதினான்கின் மேல் 'மேப்பிள்' என்று நானே பச்சையில் எழுதியிருந்ததைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

பதினான்கு வந்தது. ஐலா அட்டையை உயர்த்தினாள். ஊர் மொத்தமும் கூரையைப் பார்த்தது. ப்ராடி உயர்த்தினான். ஐலா உயர்த்தினாள். ப்ராடி. ஐலா. அவள் கழுத்து சிவந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு படி போக அவளால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ப்ராடி உட்பட. அவன் சிரித்துக்கொண்டே அட்டையைத் தூக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. வெண்டலுக்கு மனசு பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, வாசகரே. தன் ஊர்ப் பெண் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"ஐலா! உனக்கென்ன பைத்தியமா? பதினாலும்மா அது! சுத்தச் சதுப்பு! தவளைக்குக் கொட்டாய் போட்டுக் குடுக்கப் போறியா?"

கூடம் சிரித்தது. ப்ராடியின் கை பாதியில் நின்றது.

"சார், வரைபடத்துல மேப்பிள்னு போட்டிருக்கே?" என்றான்.

"வரைபடம் போடறவன் ஆபீஸ்ல காத்தாடிக்குக் கீழ உக்காந்து போடறான், தம்பி. அவனுக்கென்ன தெரியும்?"

அந்த வரைபடத்துக்காக நான் மழையில் மூன்று நாள் அலைந்தேன். உண்ணிகளைப் பிடுங்கி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. பதில் என் நாக்கு நுனிவரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால் ஐலாவின் மரங்கள் போய்விடும். உத்தரவு ஒன்றுக்காக நான் நன்றி சொன்னது அன்றுதான்.

"நீங்க நடந்து பாத்தீங்களா?" என்று கேட்டான் ப்ராடி.

"நானா? அந்தச் சேறு என் முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கு!"

எல்லோரும் ஐலாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலும் காரியம் கெட்டுவிடும். தன்னைப் பைத்தியம் என்று ஊர் நடுவில் சொன்ன மனிதரை அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா வெண்டல். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வீட்டை ஒட்டி இருக்கேன்னு பாத்தேன். நான் வேற என்னத்தக் கண்டேன்?"

ப்ராடி அட்டையைத் தொடைமேல் வைத்தான். சுத்தியல் விழுந்தது. ஐலாவின் கண்ணில் நீர் நின்றது. அது அவமானத்தில் வந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது, வெண்டலும் அப்படியே நினைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். "விடும்மா. அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டுத் தூக்கு."

அதற்குப் பின் ஒரு மாதம் காபிக்கடையில் அவருக்கு வேறு பேச்சே இல்லை. பாவம் ஐலா, தவளைக்குட்டை வாங்கிவிட்டாள், நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டாளா?

சரி, அவர் ஏன் அதைச் சதுப்பு என்றார்? பொய் சொன்னாரா? இல்லவே இல்லை. சாலையோரம் அந்த நாற்பதின் ஒரு மூலையில், ஒரு சமையலறை அகலத்துக்கு நாணல் உண்டு. டிரக்கில் போகும்போது கண்ணாடி வழியாகத் தெரிவது அதுதான். இந்த இனத்தின் அகராதியில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் அதற்குப் பெயர் 'நடந்து பார்த்தேன்'. கண்ணாடியை ஏற்றியபடியே பார்த்தால் 'அந்தப் பக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி'.

அக்டோபரில் ஐலா சர்வேயரைக் கூட்டி வந்து எல்லை அளந்தாள். மரத்துக்கு மரம் ரோஜா நிற நாடா கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கத்தில் துருப்பிடித்த பழைய கம்பி வேலி ஒன்று இருக்கிறது. எல்லை அதுதான் என்று ஊரே நினைத்திருந்தது. நாடா அந்த வேலியில் நிற்கவில்லை. அதையும் தாண்டி அறுபது தப்படி போய்த்தான் நின்றது. அந்த அறுபது தப்படிக்குள், ஒரு தடித்த மேப்பிளின் மேல், மான் வேட்டைப் பரண் ஒன்று. ஏணி, தகரக் கூரை, பழைய காரிலிருந்து கழற்றிய மெத்தை இருக்கை, ஓர் ஆள் தினமும் வந்தால்கூட அலுக்காத வசதி. கீழே மரத்தில் ஆணி அடித்த பலகை: "தனியார் நிலம். நுழையாதே. வெ. ராஸ்க்."

முப்பத்தோரு வருஷம்! ஒவ்வொரு நவம்பரிலும் அந்த நாற்பதுக்குள்ளேயே, சுற்றிலும் மேப்பிளைத் தவிர வேறு மரமே தெரியாத இருக்கையில் உட்கார்ந்து, அந்த மரத்திலேயே முதுகைச் சாய்த்து, ஃபிளாஸ்கில் காபி குடித்திருக்கிறார் மனிதர். வேலி வரைக்கும் தன் அப்பா விட்டுப்போன நிலம் என்று நினைத்துக்கொண்டு. பதினான்கு எங்கோ அந்தப் பக்கம் சதுப்பாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

மான் வேட்டைக் காலம் தொடங்க மூன்று நாள் இருந்தது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் மனைவி பிறந்தநாளை மறப்பார்கள், அந்த நாளை மறக்க மாட்டார்கள். அப்படி மூன்று நாள் மிச்சமிருந்த காலையில் ஐலா பேருந்தை நிறுத்திவிட்டுக் காபிக்கடைக்குள் வந்து, வெண்டலின் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை வைத்தாள். அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இது என்னோடதாச்சே. எங்க கிடைச்சுது?"

"தவளைக்குட்டையில."

பக்கத்து மேஜையில் இருந்த நான் சர்வே படத்தை விரித்துக் காட்டினேன். இப்போது உத்தரவு இல்லை, பாருங்கள். வெண்டலின் விரல் வேலியைத் தேடியது, நாடாவைத் தேடியது, பரணில் வந்து நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது. அவருடைய அப்பாவும் அவரும் சேர்ந்து கட்டிய பரண் அது.

"பிரிச்சுடணுமா, ஐலா?" என்று கேட்டார்.

"வேண்டாம். இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. என்கூட நாலு மூலையும் நடந்து வாங்க."

"முட்டி வலிம்மா எனக்கு..."

"சேறு ஏறின முட்டிதானே? பழகியிருக்கும், வாங்க."

நாற்பதைச் சுற்றி வந்தால் ஒரு மைல். படத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதல் மூலையில் வெண்டல் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது மூலையில் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு நின்று நின்று மரங்களைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஐலா போட்டிருந்த பழைய துளைகள் மூடி வடுவாகிக் கிடந்த இடங்களில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். நான்காவது மூலையில் மூச்சு வாங்க ஒரு கட்டையில் உட்கார்ந்தார்.

"நல்ல மரம், ஐலா," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். மறுநாளே காபிக்கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் பதினான்கைப் பற்றி ஏதோ கேட்டார். வெண்டல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"பதினாலா? நடந்து பாத்திருக்கேன். இந்தக் கவுண்டியிலேயே அந்த மாதிரி மேப்பிள் கிடையாது. ஏலத்தன்னிக்கே ஐலாகிட்ட சொன்னேன், விட்டுடாதேம்மான்னு. நான் மட்டும் வாயைத் திறக்கலேன்னா அந்த மினியாபொலிஸ்காரன் கொத்திட்டுப் போயிருப்பான்."

கடைசி வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. ஐலாவே அவருக்கு ஒரு புட்டி பாகு அனுப்பி வைத்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நாளைக்கே உங்கள் மைத்துனரோ அலுவலக நண்பரோ சாப்பாட்டு மேஜையில், "மினசோட்டா வடக்கே கவுண்டி ஏலத்துல காட்டு நிலம் வருதாம், ஒரு நாற்பது வாங்கலாமான்னு பாக்கறேன்" என்று சொல்லட்டும். "அங்கயா? ஐயோ, பாதி சதுப்பு. உள்ள போக வழி இருக்காது. வேலியை நம்பாதே, சர்வே பண்ணாம கையே வைக்காதே" என்று சாம்பார் ஊற்றுவதற்குள் தீர்ப்புச் சொல்லப் போகிறவர் யார்? நீங்கள்தானே? எங்கள் கவுண்டியில் இதுவரை எத்தனை தப்படி நடந்திருக்கிறீர்கள்?

செப்டம்பரில் கண்டிப்பாக வாருங்கள். வெண்டலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் பெயருக்கு ஓர் எண் அட்டையை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.