ஏழு மணியை ஐந்தாக்கியவர் யார்?

மடத்துவெளி,
புங்குடுதீவு.
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் ஜதுர்சன் அறிவது,

இங்கு நானும் உம்முடைய மாமியும் நலம். அங்கு நீரும் மகள் சயந்தினியும் பேரனும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்பாளை வேண்டுகிறோம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதச் சொன்னேன், முழு நலமில்லை. வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் எனக்கு வலக்கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். இடக்கண்ணிலும் அதே கோளாறுதான், அதற்கு வேறு நாள் தந்திருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு வாசிக்கவோ எழுதவோ கூடாதாம். அதனால் நான் சொல்லச் சொல்ல மாமி எழுதுகிறா. தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் போனில் கதைத்தால் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்கும். வேலிக்கு அப்பால் றஜீபன் நிற்கிறான்.

பக்கத்துக் காணியில் இருக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு நான் தலைவர் என்பது உமக்குத் தெரியும். றஜீபன் அதன் மெசினை ஓட்டுபவன். உவர்க் கிணற்றுத் தண்ணீரை மெசின் நல்ல தண்ணீராக்கும்; சனம் வெளியே இருக்கும் குழாயில் கான்களில் பிடித்துக்கொண்டு போகும். மெசின் தானாகவே காலை ஏழு மணிக்குத் தொடங்கும்படி அதன் கட்டுப்பாட்டுப் பனலில் நேரம் வைத்தவன் நான். ஏன் ஏழு? அப்போதுதான் நான் குளித்து, திருநீறு பூசி, வந்து நின்று யார் எத்தனை கான் பிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன், பார்க்காமல் ஒன்றையும் விட்டதில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போனால் குழாயடி முழுக்க ஈரம். பனலைத் திறந்து பார்த்தேன். தொடங்கும் நேரம் ஐந்து என்று காட்டியது. ஏழு ஆக்கினேன். செவ்வாய் மறுபடியும் ஐந்து. ஏழு ஆக்கினேன். புதன் ஐந்து. நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போகும் ஜெனீற்றாவை மறித்து விசாரித்தேன்.

“ஐஞ்சு மணிக்குப் பைப்பைத் திறந்தால் தண்ணி வருது, பிடிக்கிறம். ஆர் விடுறதெண்டு தண்ணியிலை எழுதியே கிடக்கு, ஐயா?” என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். ஓடியதே சந்தேகம்.

அதற்குப் பிறகுதான் உமக்குப் போன் எடுத்தேன். பனலுக்குள் மூன்று கணக்குகள் இருக்கின்றன, ஒன்று தலைவருக்கு, ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று மெசினைப் பொருத்திய கொம்பனிக்காரருக்கு, மூன்றுக்கும் கடவுச்சொல் 1111, வரிசையாக நாலு ஒன்று, அதையும் ஒரு துண்டில் எழுதிப் பனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்று நான் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து நீரே சொன்னீர். “மாமா, மூண்டையும் மாத்துங்கோ. ஒருத்தரும் பாக்காத நேரம் மாத்துங்கோ. பேரோ பிறந்த திகதியோ வையாதேங்கோ. அந்தத் துண்டையும் கிழிச்சுப்போடுங்கோ” என்றும் சொன்னீர். மனதில் வைத்துக்கொள்ளாதேயும், அப்போது உம்மிலும் எனக்குச் சிறிது சந்தேகம் வந்தது. கனடாவில் லிஃப்ற் திருத்துகிறவருக்கு எங்கள் பனலில் ஏன் இவ்வளவு அக்கறை? என்னுடையதை மாற்றினால் காணாதா? மற்றவர்களின் கணக்கு சும்மா பார்க்கத்தானே இருக்கும்? ஆகவே என்னுடையதை மட்டும் மாற்றுவதென்று முடிவெடுத்தேன். துண்டையும் கிழிக்கவில்லை. அதில் இருப்பது பழைய இலக்கம். கள்ளன் அதைப் பார்த்து ஏமாறட்டும் என்று விட்டேன்.

மாற்றிய அன்று பட்ட பாட்டைக் கேளும். மெசின் அறையிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பி, யன்னலுக்கு மாமியின் படுக்கை விரிப்பைக் கட்டினேன். பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு பொத்தானுக்கும் அது ‘பீப்’ என்று சத்தம் போடுகிறது. வெளியே நிற்கிறவன் எண்ணிப் பார்த்தால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடுமே! றஜீபனைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டு முறுக்கச் சொன்னேன்.

“எங்கை ஐயா போறம்?”

“ஒரு இடமும் போகேல்லை. முறுக்கு.”

அவன் முறுக்கினான். புகை முழுக்க அறைக்குள் வந்தது. இருமிக்கொண்டே தட்டியதில் மூன்று தரம் பிழையாகத் தட்டுப்பட்டு, பனல் அரை மணித்தியாலத்துக்குப் பூட்டிக்கொண்டது. கதவைத் திறந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று உள்ளேயே வேர்த்து ஊற்ற நின்றேன். வெளியே கான்களோடு சனம் கூடிவிட்டது. இந்த நிலையத்தை நடத்தும் எங்கள் சங்கத்துச் செயலாளர் தம்பிராசாவுக்கு என்மேல் எப்போதும் ஒரு கண். “உள்ளுக்கை பெற்சீற்றைக் கட்டிப்போட்டுத் தலைவர் தண்ணிக்கை என்னத்தையோ கலக்கிறார்” என்று அவர் சொல்லியிருக்கிறார். பகிடிக்குச் சொன்னாராம். இரண்டு நாள் ஒருவரும் தண்ணீர் எடுக்க வரவில்லை. கடையில் போத்தல் தண்ணீர் முடிந்துவிட்டது. கடைசியில் கோயில் வாசலில் ஊர் பார்க்க நான் மூன்று செம்பு தண்ணீர் குடித்துக் காட்டவேண்டி வந்தது. மூன்றாவது செம்பு முடிய, “இன்னும் ஒண்டு குடியுங்கோ, அண்ணை, வடிவாய்ப் பாக்கேல்லை” என்றார் தம்பிராசா. இந்த வயதில் நாலு செம்பு தண்ணீரோடு வீடுவரை நடப்பது என்னவென்று உமக்குப் பிறகு விளங்கும்.

இவ்வளவு செய்தும் அடுத்த நாள் பனல் என்ன காட்டியது? ஐந்து!

என் புதுக் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது. அதை எழுதி வைத்த வேறு துண்டை வாயில் போட்டுச் சப்பித் துப்பினேன். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னாலும் அவவுக்கு விளங்காது, போனில் சத்தம் குறைக்கவே என்னைக் கேட்கிறவ. (இதை எழுத மாட்டாவாம். எழுதும் என்கிறேன்.) கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க அறைக்குள் அரிசிமா தூவிவிட்டு வந்தேன், கால் அடையாளம் விழுமென்று. விடியப் போனால் உம்முடைய மாமி வழக்கம்போல அறையைக் கூட்டி, மாவை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டா! தடயம் கோழியின் வயிற்றில். ஒரு மனிசன் எத்தனை பேரோடுதான் மல்லுக்கட்டுவது?

ஆனால் யோசித்துப் பாரும். அறைக்குள் போய்வருவது மூன்றே பேர். நான், மாமி, றஜீபன். நான் செய்யவில்லை. மாமி கூட்டத்தான் போகிறா. மிஞ்சுவது யார்? அதோடு றஜீபன் காலையில் கொட்டாவி விடுகிறான். கேட்டால், “பிள்ளை பிறந்து இருபது நாள், ஐயா, நித்திரை இல்லை” என்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பெடியன்தான். என் கண்ணுக்கு மருந்து வாங்க ஊர்காவற்றுறை வரை போய்வந்தவன். ஏன் போனான்? அதையும் யோசிக்கவேண்டும்.

ஆகவே நேற்று அவனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைச் சொல்லச் சொல்ல மாமி எழுதினா. தடவிப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். மாமியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டா. நிறுத்திய பிறகும் இன்று மெசினடியில்தான் நிற்கிறான், அதுவும் சந்தேகம். எனக்குச் சந்தோசம் இல்லை. இரவு சாப்பாடும் இறங்கவில்லை. ஆனாலும் பொறுப்பில் இருப்பவன் மனதைப் பார்க்க ஏலாது. வருகிற மாதச் சங்கக் கூட்டத்தில் தம்பிராசா கேள்வி கேட்பார். றஜீபன்தான் குற்றவாளி என்பதை நிறுவ, யார் எப்போது நேரத்தை மாற்றினார் என்று பனலிலிருந்து எடுக்க வழியிருந்தால் உடன் அறிவியும். உம்மையும் மாமியையும் தவிர நம்ப எனக்கு ஆளில்லை.

பேரனுக்கு என் முத்தம். சயந்தினியைக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்லும். நீங்கள் எல்லாரும் நீடூழி வாழ அம்பாள் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
அன்பு மாமா
அப்புத்துரை

பி.கு.: மருமகன், இது மாமி எழுதுவது. மாமா சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். நேரத்தை மாற்றியது நான். ஒருநாள் விடியப்புறம் ஜெனீற்றாவும் இன்னும் நாலு பெட்டையளும் நண்டுக் கொம்பனி பஸ்ஸுக்கு முந்தி உவர்க் கிணற்றில் அள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வேலைக்குப் போகிறவைக்கு ஏழு மணித் தண்ணீர் எதற்கு? மாமாவிடம் இரண்டு தரம் சொன்னேன், காதில் விழவில்லை. கூட்டப் போகும்போது துண்டில் இருந்த நாலு ஒன்றைத் தட்டினேன், ஓட்டுநர் கணக்குத் திறந்தது. ஐந்து ஆக்கினேன்.

நீங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டனான். நேற்றுக் கதவைச் சாத்திப்போட்டு மூன்று கணக்கையும் மாற்றிவிட்டேன். மெசினைப் பொருத்திய கொம்பனிக்காரரின் கணக்காலே மாமாவினதையும் மாற்ற முடிந்தது. துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. கூட்டத்தில் எழும்பி எல்லாவற்றையும் நானே சொல்லுவேன். அதுவரை நீங்கள் ஒன்றும் கதைக்கவேண்டாம்.

றஜீபனுக்கான கடிதத்தில் அவர் சொன்னதை நான் எழுதவில்லை. அவனை நிரந்தரமாக்குவதாகவும், இனி ஐந்து மணிக்கே தண்ணீர் விடச் சொல்லியும் எழுதினேன். அவர் வடிவாகக் கையெழுத்து வைத்தார்.

சற்று முன் றஜீபன் ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு வந்து, “ஐயா, இந்த உதவியை மறக்கமாட்டன்” என்று மாமாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனான். அந்தச் சத்தத்தில் எழும்பிய மாமா இப்போது, “வேலையாலை நிப்பாட்டினதுக்குப் பழம் தாறான். இதுக்கை ஏதோ இருக்கு, தொடாதையும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு சாப்பிட்டேன். நல்ல பழம்.