பள்ளத்தில் இருந்தது ஐஸ் அல்ல, அக்கா

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நான், அவள், பிள்ளைகள் அனைவரும் நலம். என் மானம் மட்டும் சற்று நலிவுற்றிருக்கிறது. அங்கே உன் நலத்தையும் அத்தான் நலத்தையும் அறிய ஆவல்.

போன செவ்வாய்க்கிழமை போனில், "நிலாவில ஐஸ் கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன் அல்லவா, அதை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அத்தான் தன் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் என் போட்டோவோடு செய்தி ஒட்டியிருப்பதாகக் கேள்வி. தயவுசெய்து கிழிக்கச் சொல், போட்டோவையும் சேர்த்து.

நடந்தது இதுதான். நிலாவின் தென்கோடியில் வெயிலே எட்டிப் பார்க்காத பள்ளங்கள் உண்டு. அங்கே தண்ணீர் உறைந்து கிடக்கிறதா என்று, விண்கலம் அனுப்பும் ரேடார் படங்களை எட்டு வருஷமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. இரண்டு நாற்காலி மாறிவிட்டது, நான் மாறவில்லை. அன்றைக்கு ஒரு பள்ளத்துக்குள் பளீரென்று தெரிந்தது. ஐஸ் இருந்தாலும் அப்படித் தெரியும், கரடுமுரடான கல் கிடந்தாலும் அப்படித்தான் தெரியும். பள்ளத்துக்கு வெளியேயும் பளபளத்தால் அநேகமாகக் கல். உள்ளே மட்டும் என்றால் ஐஸாக இருக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடம் எடுப்பதே நான்தான். அப்பேர்ப்பட்ட நான் என்ன பண்ணினேன் தெரியுமா, படம் திரையில அழகா உட்காரணுமேன்னு சுத்தி இருந்ததையெல்லாம் வெட்டிட்டு, வெட்டினதையும் மறந்துட்டு, நானே பார்த்து நானே பூரிச்சுப்போய், உனக்குப் போன் போட்டுட்டு, எங்க பிரிவுத் தலைமை அம்மாகிட்ட ஓடினேன். அவங்க, கலம் இறக்க இடம் தேடுற குழுவையே கூட்டிட்டாங்க.

கூட்டத்துல இருபது பேர். போன மாசம் சேர்ந்த பொண்ணு கையைத் தூக்கி, "வெளியே எப்படி இருக்கு சார்?"னு கேட்டா.

"வெளியே நல்ல வெயில்"னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க, ஜோக்குன்னு நினைச்சு. நான் நிஜமாவே ஜன்னலைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன், அக்கா.

"பள்ளத்துக்கு வெளியே, சார்."

அப்பதான் ஓரத்தை வெட்டினது ஞாபகம் வந்துது. "அந்தப் பகுதிக்கு டேட்டா இல்லை"ன்னு கூசாம சொன்னேன். அவளும் நம்பிட்டா, அதுதான் தாங்கலை. பேச்சு, எங்கே இறக்கலாம், எவ்வளவு ஆழம் தோண்டலாம்னு போயிடுச்சு. இத்தனை பேர் உழைப்பும் ஒரு கல்லுக்குவியல் மேல போய் உட்காரப்போகுதேன்னு நினைச்சதும், கால் தானா எழுந்து நின்னுடுச்சு. "டேட்டா இருக்கு. நான்தான் வெட்டினேன்"னு சொல்லி, முழுப் படத்தையும் போட்டேன். வெளியேயும் பளீர். சந்தேகமே இல்லாத கல்லு.

தலைமை அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "இறக்கறதுக்கு முன்னாடியாவது சொன்னீங்களே"ன்னாங்க. அதுக்குப் பதிலா திட்டியே இருக்கலாம். வீட்டுல இவ, "எட்டு வருஷத்துல ஒண்ணு கண்டுபிடிச்சீங்க, அதையும் நீங்களே தொலைச்சுட்டீங்களா?"ங்கறா.

ஆகவே இந்த வேலையே வேண்டாமென்று முடிவுசெய்து, ஆவணப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். அத்தானின் முழங்கால் வலி தீரட்டும். உன் பிள்ளைகள் மாமனைப் போல் அல்லாமல் நிதானமாக வளரட்டும்.

உன் சொல் கேளாத்
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண் என் ஆபீஸ் மேஜைக்கு ஓடி வந்தாள். நான் வெட்டியெறிந்த ஓரத்தில் சின்னதாக இன்னொரு பள்ளம் இருக்கிறது. உள்ளே பளீர், வெளியே ஒன்றுமே இல்லை. மூன்று தடவை சரிபார்த்துவிட்டாளாம். "இருக்கலாம்னு மட்டும் சொல்லுங்க சார்" என்கிறாள். விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். நாளைக்கு நான் போன் பண்ணினால், அக்கா, தயவுசெய்து எடுக்காதே.