எக்ஸ்பைரி சார் தன் பெயரை நீக்கச் சொன்ன கதை

ஸ்ரீரங்கத்தில் தேதி பார்க்காமல் எதையும் தொடாத ஒரே மனிதர் எங்கள் தெரு மருந்துக்கடை பார்மசிஸ்ட்தான். மற்ற எல்லோரும் ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தோம். எக்ஸ்பைரி சார் என்றால் சித்திரை வீதியிலிருந்து அம்மா மண்டபம் வரைக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பெயர், அவருக்காக ஒரு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாத்திரையில் தேதி பார்ப்பது அவர் வேலை. பிஸ்கட் பாக்கெட்டில் பார்ப்பதைக்கூட மன்னிக்கலாம். திருவானைக்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் உட்காராமல் நேரே சமையல்கட்டுக்குப் போய், காஸ் சிலிண்டர்களின் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படித்தார். ஒரு சிலிண்டர் கெடு தாண்டியிருந்தது. அதை வெளியே உருட்டிவிட்டு, வேறு வரும்வரை அடுப்பையே பற்றவைக்க விடவில்லை. சாம்பார் ஒரு மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் எகிறினார்கள்.

"சாப்பாடு லேட்டானா கோவிச்சுக்குவீங்க. வெடிச்சா கோவிச்சுக்கக்கூட ஆள் இருக்க மாட்டீங்க," என்றார் சார். சிரிக்காமல் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருந்தால்தான் மருந்துக்கடையைத் திறக்கலாம். பதிவைக் கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும்; சான்றிதழை வருகிறவர்கள் பார்க்கும்படி மாட்டவும் வேண்டும். சாருடைய சான்றிதழ் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. கடைக்கு வந்த எல்லோர் கண்ணிலும் பட்டது, அவர் கண்ணைத் தவிர.

என் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். காத்திருக்கும் நேரத்தில் எதிரே என்ன எழுதியிருந்தாலும் படித்துவிடுவார். ஒருநாள் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது அதையும் படித்தார்.

"சார், இது போன டிசம்பரோட முடிஞ்சுபோச்சு போலிருக்கே?"

சார் திரும்பிப் பார்த்தார். ஜனவரி பாதி போயிருந்தது. கையில் இருந்த மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டு, கவுண்டர் பலகையைத் தூக்கி வெளியே வந்துவிட்டார். காலாவதியான மருந்துகளைப் போட்டுவைக்க 'விற்பனைக்கல்ல' என்று எழுதிய பெட்டி ஒன்று ஓரமாக இருக்கும். அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கடை உரிமையாளர் ராஜேஸ்வரி அம்மா பதறினார். "உள்ள வாங்க சார், ஆளுங்க நிக்கிறாங்க."

"நான் உள்ள வரக்கூடாதும்மா. ஷட்டரை இறக்குங்க."

"கடையை மூடிட்டு நான் எங்க சார் போவேன்? ரெண்டு வாரத்துக்கு வேற யாரோட சர்டிபிகேட்டையாவது வாங்கி மாட்டிக்கலாம் சார். ஆள்கூட வர வேண்டாம். ஊர்ல நடக்காததா?"

"ஊர்ல நடக்கட்டும். இங்க நான் இருக்கேன்."

ஷட்டர் இறங்கியது. ஆனால் சார் வீட்டுக்குப் போகவில்லை. தினமும் கடை நேரத்துக்கு வந்து படியில் உட்கார்ந்து, வருகிறவர்களை அடுத்த கடைக்கு அனுப்பினார்.

"சார், தலைவலிக்கு என்ன போடலாம்?"

"தெரியாதுங்க."

"போன வாரம் தெரிஞ்சுதே!"

"போன வாரம் சொன்னதே தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பதிவை மீட்கும் விண்ணப்பம் என் தலையில் விழுந்தது. போட்டோ கேட்டேன், அன்று காலையில் எடுத்ததைத்தான் கொடுப்பேன் என்று ஸ்டுடியோவுக்குப் போனார். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.

"உடம்பு சரியில்லன்னு போட்டுடலாம் சார். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு? கவனக்குறைவுன்னு போடுங்க."

போட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகி மறுபதிவு வந்தது. சான்றிதழை எதிர்ச்சுவரில், தன் கண் முன்னால் மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்களுக்காக அதன் நகல் ஒன்று பின்னால் தொங்கியது. தெரு மூச்சு விட்டது. அதற்குப் பிறகு சில வருடங்கள் நாங்கள் அவரைக் கேலி செய்வதற்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு அழைப்பு மணி விடாமல் அடித்தது. திறந்தால் எக்ஸ்பைரி சார். அந்த வெயிலில் காலில் செருப்புகூட இல்லை.

"அப்பா மாத்திரை சாப்பிட்டாரா?"

"இல்ல சார். ராத்திரிதான் சாப்பிடுவார்."

"அட்டையைக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன. இரண்டரை மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து கொடுத்துவிட்டாராம். ஒரே கம்பெனி, ஒரே நிற அட்டை. கண்ணில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியும் ஓரத்தில் மங்கல் போகவில்லை என்று அன்றுதான் சொன்னார். சரியான அட்டையை அப்பா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் என்னிடம் வந்தார். "என் பேரை எடுத்துடச் சொல்லி எழுதணும்."

வெப்சைட்டில் தேடினேன். புதுப்பிக்க, மீட்க, முகவரி மாற்ற எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. போதும் என்று சொல்ல மட்டும் எங்கே என்று என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. போன் செய்து கேட்டோம்.

"புதுப்பிக்காம விட்டுடுங்க சார், தானா போயிடும்," என்றது மறுமுனை.

"தானா போறதுக்கு நான் என்ன மாத்திரையாங்க? நானாத்தான் போகணும்."

ராஜேஸ்வரி அம்மா கெஞ்சினார். "பேர் மட்டும் இருக்கட்டும் சார். நீங்க சும்மா உக்காந்திருங்க, மருந்தெடுக்க வேற ஆள் போட்டுக்கறேன்."

"பேர் இருந்தா நான் கொடுக்கறதாத்தானேம்மா அர்த்தம்?" என்றார். வேறு பார்மசிஸ்ட் கிடைக்கும்வரை கடையை மூடிவைக்கக்கூடாதே என்று அவரே அலைந்து பதிவு பெற்ற ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். கடிதத்தை நான் எழுத, பதிவுத் தபாலில் அனுப்பினார். காரணம் என்ற இடத்தில் இந்த முறையும் உண்மையைத்தான் போடச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, கேட்டுக்கொண்டபடி பெயர் நீக்கப்பட்டதாக ஒரு தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்தார். அப்பா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு சார் இதெல்லாம்? ஒரு தடவைதானே? நீங்க குடுத்தா இப்பவும் நான் பாக்காமலே முழுங்கிடுவேன்."

"தெரியும் சார். அதனாலதான்."

அப்பா மூட்டுவலிக்காரர்; பிடித்துப் பிடித்து எழுந்து, தெருமுனை வரைக்கும் அவரோடு நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். எத்தனை வருடம் அந்த மனிதரைக் கேலி செய்திருக்கிறேன்! என் அப்பாவின் உயிருக்கு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் அவர்தான். இதை அவரிடம் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். எதிரே பார்த்தால், "சௌக்கியமா சார்?" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை.